சோலைபாடி: ஒரு சிறு பறவையை அறிதலும் காத்தலும்

 

மொழி வளர்ச்சிக்கென அமைந்த ஓர் அவையில் பறவையைப் பற்றி உரையாற்றுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. நம் முன்னோர் நிலத்தை ஐந்து திணைகளாகப் பகுத்தபோது, ஒவ்வொரு திணைக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு பறவையையும் கருப்பொருளாக வைத்து எண்ணினர். குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழி, நெய்தலுக்குக் கடற்காகம் என்று நம் மாணவர் இன்றும் படிக்கின்றனர். பெரும்பாலும் அதை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறோம். அப்பட்டியலின் அடியில் ஓர் அறிவு இருக்கிறது. பறவை தனித்து நிற்கும் பொருள் அன்று. அது ஒரு நிலத்துக்கு உரியது. நிலத்தை நீக்கிவிட்டுப் பறவையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. அந்த அறிவைத் துணையாகக் கொண்டு, நாம் வாழும் இந்நாட்டின் காட்டுப் பறவை ஒன்றை இன்று அறிந்துகொள்வோம்.

அப்பறவையை நீங்கள் காட்டில் பார்த்திராவிட்டாலும் அதன் குரலைக் கேட்டிருக்கக் கூடும். கம்போங் மேடானிலோ, பிரிக்பீல்ட்சிலோ, கிள்ளானிலோ, அடுக்குமாடிகளின் நடைவழியில் காலையிலும் மாலையிலும் நடந்து பாருங்கள். எங்கேனும் ஒரு வாசலில் கூண்டு தொங்கும். அதனுள்ளிருந்து புல்லாங்குழல் போன்ற ஒரு குரல் ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். மலாய்க்காரர் அப்பறவையை 'மூராய் பத்து' என்பர். ஆங்கிலேயர் 'ஷாமா' என்றனர். தமிழ்நாட்டுப் பறவை நூல்கள் அதற்குச் 'சோலைபாடி' என்று பெயர் தருகின்றன.

இப்பெயர்களைச் சற்று ஆராய்வோம். மலாய் மொழியில் 'மூராய்' என்பது பாடும் பறவை இனம் ஒன்றின் பொதுப்பெயர். ஓயாது பேசுபவரை 'மூலுட் மூராய்', அதாவது மூராயின் வாய் படைத்தவர் என்று கேலி செய்வதும் உண்டு. ஊருக்குள் வாழும் மூராய் 'மூராய் கம்போங்'. காட்டில் வாழ்வது 'மூராய் பத்து'. அறிவியல் பெயரில் இதன் சிறப்படை 'மலபாரிக்கா'. மலபார்க் கரைக்குரியது என்பது அதன் பொருள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, இந்தியாவின் மேற்குக் கரையை அடையாளமாகக் கொண்டனர். ஆகவே மலேசியக் காட்டில் வாழும் இப்பறவையின் பெயரிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மலையடிவாரக் காடுகளிலும், இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும், மியன்மார், தாய்லாந்து வழியாக நம் தீபகற்பத்திலும், சுமத்ரா, போர்னியோத் தீவுகளிலும் இது வாழ்கிறது. நம் முன்னோர் விட்டுவந்த மண்ணுக்கும் நாம் வேரூன்றிய மண்ணுக்கும் பொதுவான பறவை இது.

இனி, இதனை இனங்காணும் முறையைப் பார்ப்போம். ஆண் பறவையின் தலை, முதுகு, மார்பின் மேற்பகுதி ஆகியவை நீலப் பளபளப்புடைய கருமை. மார்புக்குக் கீழ் வயிறு முழுதும் செங்காவி நிறம். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் தூய வெண்மை. வால் நீண்டது, நடு இறகுகள் கருமை, ஓர இறகுகள் வெண்மை. அலகு கருமை, கால்கள் வெளிர் சிவப்பு. அலகு நுனி முதல் வால் நுனி வரை அளந்தால் 23 முதல் 28 சென்டிமீட்டர் இருக்கும்; ஆணில் அதில் ஏறத்தாழப் பாதி வாலாகவே இருக்கும். எடை 30 கிராம் அளவே. பெண் பறவையில் கருமை இருக்கும் இடங்களில் சாம்பல் கலந்த பழுப்பும், செங்காவி இருக்கும் இடத்தில் மங்கிய நிறமும் காணப்படும், வாலும் குட்டையானது. இளம் பறவையின் உடலில் புள்ளிகள் இருக்கும்.

இதனோடு பலர் குழப்பிக்கொள்வது குண்டுகரிச்சான். மலாய்க்காரர் 'மூராய் கம்போங்' என்று அழைப்பது அதைத்தான். அதுவும் கருமை வெண்மை கலந்தது. அதுவும் வாலைத் தூக்கி நிமிர்ந்து நிற்பது. அதுவும் இனிமையாகப் பாடுவது. ஆனால் வேறுபாடுகள் தெளிவானவை. குண்டுகரிச்சானின் இறக்கையில் வெண்பட்டை உண்டு, சோலைபாடிக்கு இல்லை. குண்டுகரிச்சான் ஆணின் வயிறு வெண்மை. சோலைபாடியின் வயிறு செங்காவி. குண்டுகரிச்சான் பள்ளித் திடலிலும் கோயில் மதிலிலும் வந்து அமரும். சோலைபாடி நிழல் அடர்ந்த காட்டைவிட்டு வெளியே வருவது அரிது. போர்னியோவின் வடபகுதியில், சபா மாநிலத்தில், உச்சந்தலை வெண்மையாக உள்ள நெருங்கிய உறவினம் ஒன்றும் இருக்கிறது.

மாணவர்களே, ஓர் உண்மையை இங்கே சொல்ல வேண்டும். காட்டில் இப்பறவையைக் கண்ணால் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். இது மர உச்சியில் வாழும் பறவை அன்று. புதரும் இளமரமும் மூங்கிலும் மண்டிய காட்டின் அடித்தட்டே இதன் வீடு. தரையிலும் தரைக்குச் சற்று மேலும் பூச்சிகளைப் பிடித்து உண்ணும். ஒற்றையடிப் பாதையைத் தாழப் பறந்து கடக்கும்போது, முதுகின் அடியில் உள்ள வெண்மை ஒரு கணம் பளிச்சிட்டு மறையும். கண்ணுக்குக் கிட்டுவது அவ்வளவே. எனவே இதனை அறியும் வழி செவிதான். விடியும் முன்னரும் பொழுது சாயும் வேளையிலும், மற்றப் பறவைகள் அடங்கியிருக்கும்போது இது பாடும். தொடக்கம் தாழ்ந்த, கனிந்த குழலோசை. பிறகு ஏற்றமும் திருப்பமும். இடையிடையே பிற பறவைகளின் குரலையும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். அச்சம் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு 'டக், டக்' என்று கல்லோடு கல் தட்டுவதுபோல் ஒலிக்கும். இவ்விரண்டையும் ஒரு முறை மனத்தில் பதித்துக்கொண்டவர், கண்ணை மூடிக்கொண்டும் இப்பறவையை அறிவார்.

மரப்பொந்தில் இது கூடு கட்டுகிறது. பெண் பறவை தனியே 12 முதல் 15 நாள் வரை அடைகாக்கிறது. குஞ்சு பொரித்த பின் ஆணும் பெண்ணும் சேர்ந்து இரை ஊட்டுகின்றன. ஆகவே இதற்கு அடர்ந்த அடிக்காடு வேண்டும். பொந்துள்ள முதிய மரமும் வேண்டும். உச்சியில் பச்சை தெரிகிறது என்பதற்காகக் காடு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பூங்கா அமைப்பதாகச் சொல்லிப் புதரை வெட்டித் தரையைக் கூட்டிவிட்டால், மரங்கள் நிற்கும், சோலைபாடி நிற்காது.

இப்பறவைக்கு அழகான குரல் இருப்பதே அதன் அடையாளம். அதுவே அதன் துன்பத்துக்கும் காரணம். 1889ஆம் ஆண்டில் செருமனி நாட்டில் லுட்விக் கோக் என்ற சிறுவன், எடிசனின் மெழுகு உருளைக் கருவியில் தன் வீட்டுப் பறவை ஒன்றின் குரலைப் பதிவு செய்தான். உலகில் இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் முதன்முதலாகப் பதிவான பறவைப் பாடல் அதுவே. பாடியது ஒரு ஷாமா. நாம் பேசிக்கொண்டிருக்கும் சோலைபாடி. கீழ்த்திசைக் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டு ஐரோப்பாவின் குளிர்நாட்டு வீடொன்றில் கூண்டில் இருந்த பறவை அது. மனிதன் இதன் பாட்டை விரும்பிய கதையும், கூண்டின் கதையும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

இன்று அந்த விருப்பம் பெருவாணிகமாக வளர்ந்திருக்கிறது. இந்தோனேசியாவில் பறவைப் பாட்டுப் போட்டிகள் மிகப் புகழ்பெற்றவை. அவற்றில் மூராய் பத்துவுக்குத் தனி மதிப்பு உண்டு. வெல்லும் பறவையின் விலை பன்மடங்கு உயரும். 2014ஆம் ஆண்டு ஜக்கார்த்தாவின் மூன்று பறவைச் சந்தைகளை ஆய்வாளர்கள் மூன்று நாள் கணக்கெடுத்தனர். 206 இனங்களைச் சேர்ந்த 19,036 பறவைகள் அங்கே விற்பனைக்கு இருந்தன. ஜாவாத் தீவின் வீடுகளில் உள்ள கூண்டுப் பறவைகள் 6.6 கோடி முதல் 8.4 கோடி வரை இருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு கூண்டுகளை நிரப்ப ஒரு தீவின் காடு போதாது. எனவே அண்டை நாடுகளின் காடுகளும் வேட்டைக் களமாயின. மலேசியக் காடுகளில் பிடிக்கப்பட்ட சோலைபாடிகள் எல்லை கடந்து கடத்தப்படுவதும், ஆயிரக்கணக்கான பறவைகள் அதிகாரிகளால் கைப்பற்றப்படுவதும் பதிவாகியுள்ளன. நம் நாட்டிலும் இதனை வளர்ப்போர் பலர்.

பிடிக்கும் முறையைக் கேட்டால் இதன் கொடுமை விளங்கும். ஆண் சோலைபாடி தன் எல்லைக்குள் இன்னோர் ஆணின் குரல் கேட்டால் பொறுக்காது. எதிர்த்துப் பாடிக்கொண்டே நெருங்கி வரும். வேடன் ஒரு கூண்டுப் பறவையையோ பதிவு செய்த ஒலியையோ பாடவிடுகிறான். தன் வீட்டைக் காக்க வரும் பறவை, வலையிலோ பசையிலோ சிக்கிக்கொள்கிறது. துணிவாகப் பாடும் ஆணே முதலில் பிடிபடுகிறது. அதன் துணையும் குஞ்சும் காட்டில் தனித்து விடப்படுகின்றன. ஒரு கூண்டில் ஒரு பறவை என்றுதான் நாம் எண்ணுகிறோம்; காட்டில் குறைவது ஒரு குடும்பம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இப்பறவை 'கவலைக்கு இடமில்லை' என்ற வகையில்தானே இருக்கிறது? ஆம், அப்படித்தான் இருக்கிறது. இந்தியா முதல் போர்னியோ வரை பரந்து வாழும் பறவை ஆதலால், முழு இனமும் அழியும் நிலையில் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு உலகத்துக்கு உரியது. ஊருக்கு உரியது அன்று. ஒரு பள்ளத்தாக்கில் பாட்டு நின்றுவிட்டால், மற்றொரு நாட்டுக் காட்டில் பறவை இருக்கிறது என்ற செய்தி அப்பள்ளத்தாக்கை நிரப்பாது. பரவலாக இருப்பதே இதற்கு ஆபத்து. அரிய பறவை என்றால் எல்லாரும் பதறுவர்; பொதுப்பறவை என்றால் எவரும் கணக்கெடுக்கமாட்டார்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாய்க்காரர் 'பாராவ் பாராவ்' என்று அழைக்கும் ஒரு சின்னான் இனம் உண்டு. வைக்கோல் நிறத் தலையும் கரிய மீசைக் கோடும் உடையது. ஆற்றோரங்களில் இணையாகப் பாடுவது. ஒரு காலத்தில் நம் வட்டாரத்தில் பரவலாக இருந்த பறவை அது. பாட்டுக்காகவே வேட்டையாடப்பட்டுத் தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டிலிருந்து மறைந்தது. 2018இல் அதன் நிலை 'மிக அருகிவிட்ட இனம்' என்று அறிவிக்கப்பட்டது. பெயராராய்ச்சியில் ஆர்வமுள்ளோருக்கு ஒரு செய்தி: அதன் அறிவியல் பெயரின் பிற்பகுதி 'சைலானிக்கசு', அதாவது இலங்கைக்குரியது. ஆனால் அப்பறவை இலங்கையில் இல்லை. பெயரிட்டவர் இடத்தைத் தவறாக அறிந்திருந்தார். தவறான பெயர்கூட நூலில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது. சரியான பறவையோ தன் ஆற்றங்கரையில் நிலைக்கவில்லை.

மற்றொரு முரணையும் சொல்ல வேண்டும். 1931இல் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய்த் தீவிலும் 1940இல் ஓவாகுத் தீவிலும் சோலைபாடிகள் கொண்டுபோய் விடப்பட்டன. அங்கே அவை பெருகின. அத்தீவுகளின் பூங்காக்களிலும் தோட்டங்களிலும் இன்று அவை அச்சமின்றிப் பாடுகின்றன. பல்லாயிரம் கல் தொலைவில், தனக்கு உரிமையில்லாத மண்ணில் தாராளமாக ஒலிக்கும் குரல், தன் சொந்தக் காட்டின் ஓரத்தில் அடங்கிக்கொண்டு வருகிறது. சிங்கப்பூரில் காட்டுச் சோலைபாடி மிகச் சில இடங்களில் மட்டுமே எஞ்சிய நிலைக்குச் சென்றது.

சட்டம் என்ன செய்கிறது? தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716ஆம் சட்டம், இப்பறவையைப் பாதுகாக்கப்பட்ட இனமாக வைத்துள்ளது. உரிமம் இன்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். இந்தியாவில் நாட்டுப் பறவைகளின் வாணிகம் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்தே முற்றிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டிஸ் உடன்படிக்கை மாநாட்டில், மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிய, சோலைபாடி இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. இனி இப்பறவை நாட்டெல்லை கடக்க வேண்டுமானால், அதனால் காட்டு இனத்துக்குக் கேடு இல்லை என்று உறுதி செய்து அனுமதி வழங்க வேண்டும். அதே மாநாட்டில் பாராவ் பாராவ் முதல் இணைப்புக்கு உயர்த்தப்பட்டது. காட்டிலிருந்து பிடித்து வாணிகம் செய்வதற்கு அங்கே இடமில்லை.

ஆனால் சட்டம் தாளில் இருக்கிறது. பறவை கூண்டில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது இனங்காணும் அறிவு. சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்ததும், உள்ளே இருப்பது குண்டுகரிச்சானா சோலைபாடியா என்று சொல்லத் தெரிய வேண்டும். அது கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்றும் அறிய வேண்டும். வெறும் பார்வையால் அதைச் சொல்வது எளிதன்று. அதற்கென ஒரு முறை உண்டு. குஞ்சாக இருக்கும்போதே, கால் மெலிந்திருக்கும் சில நாட்களுக்குள், இணைப்பு இல்லாத முழு வளையம் ஒன்றை அணிவிப்பர். கால் வளர்ந்த பின் அவ்வளையத்தை ஏற்ற முடியாது. எனவே சரியான அளவில் முழு வளையம் இருந்தால் கூண்டில் பிறந்தது என்பதற்கு அது சான்றாகும். வாங்குவோர் இதைக் கேட்டறிந்தாலே கடத்தல்காரரின் பொய் பாதி வெளிப்பட்டுவிடும்.

இப்போது சற்றுக் கடினமான ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. பறவை வளர்ப்போரைக் கொடியவராகக் காட்ட நான் வரவில்லை. தோட்டங்களிலிருந்து நகருக்குப் பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல நம் வட்டாரத்தில் வாழ்கின்றன. பால்மரக் காட்டின் விளிம்பில் விடியற்காலையில் கேட்ட குரலை, பத்தாம் மாடியின் நடைவழியில் மீண்டும் கேட்க விரும்பும் ஒரு முதியவரின் மனத்தை நான் புரிந்துகொள்கிறேன். அவர் அப்பறவைக்கு வெட்டுக்கிளி தேடிக் கொடுக்கிறார். இரவில் கூண்டைத் துணியால் மூடுகிறார். அது நோயுற்றால் வருந்துகிறார். அது அன்புதான். ஆயினும் அந்த அன்பு கேட்பது காட்டின் குரலை. கொடுப்பதோ காட்டுக்கு இழப்பை. பறவையை வெறுப்பவரால் இவ்வினம் குறையவில்லை, விரும்புபவராலேயே குறைகிறது. இந்த உண்மையை ஒப்புக்கொள்ளாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கூண்டில் வளர்த்துப் பெருக்கினால் காட்டைத் தொட வேண்டியதில்லையே என்று கேட்பர். நேர்மையான கேள்வி. முறையாக நடந்தால் அது வேட்டையைக் குறைக்கவே செய்யும். ஆனால் காட்டில் பிடித்த பறவை மலிவாகவோ, நன்றாகப் பாடும் என்ற நம்பிக்கையோடோ சந்தைக்கு வரும்வரை, வளர்ப்புக் கூண்டு கடத்தலுக்கு மறைப்பாகவும் அமையும். இன்னொரு தவறும் இரக்கத்தின் பேரால் நிகழ்கிறது. மனம் மாறியவர் கூண்டைத் திறந்து, அருகிலுள்ள தோப்பில் பறவையை விட்டுவிடுகிறார். எந்நாட்டில் பிடித்தது, என்ன நோய் உடையது, இரை தேடத் தெரியுமா என்று எவருக்கும் தெரியாது. வேறு வட்டாரத்துப் பறவை உள்ளூர் இனத்தோடு கலப்பதும் நல்லதன்று. விடுவிக்க விரும்புவோர் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை நாடுவதே முறை.

வேட்டை ஒரு பக்கம் என்றால், நிலம் குறைவது மறுபக்கம். நம் கிள்ளான் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். பூச்சோங்கில் உள்ள ஆயர் ஈத்தாம் காட்டொதுக்கம் 1906இல் அறிவிக்கப்பட்டபோது 4,000 எக்டேருக்கு மேல் பரந்திருந்தது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 1,200 எக்டேர். நாற்புறமும் சாலையும் குடியிருப்பும் சூழ்ந்த காட்டுத் தீவு அது. நமக்கு அண்மையில், சிவன் கோயில் அமைந்துள்ள புக்கிட் காசிங் குன்றும் அவ்வாறே நகரத்தின் நடுவில் தனித்து நிற்கிறது. அடித்தட்டில் வாழும் பறவை ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நெடுஞ்சாலையைக் கடந்து எளிதில் செல்லாது. ஒரு தீவில் இருந்த சில இணைகளை வேடன் பிடித்துவிட்டால், அந்த இடத்தை நிரப்ப வேறு பறவை வருவது அரிது.

ஆனால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காட்டை மாணவர் பலர் பார்த்திருப்பீர்கள். 1920ஆம் ஆண்டுகளில் அவ்விடம் ஈயம் தோண்டிப் பாழாக்கப்பட்ட நிலமாகவும் காய்கறித் தோட்டமாகவும் கிடந்தது. அங்கே மரம் நட்டு வளர்த்தனர். நூறாண்டுக்குள் அது மழைக்காட்டின் இயல்பைப் பெற்றது. 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. நாம் கெடுத்த நிலத்தை நாமே திருத்த முடியும் என்பதற்கு நம் பள்ளத்தாக்கிலேயே கண்ணால் காணும் சான்று இருக்கிறது. காலம் வேண்டும், பொறுமை வேண்டும், மிச்சமிருக்கும் பறவையை அதுவரை காப்பாற்றவும் வேண்டும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை சில உள்ளன. புறப்பாட நேரத்தில் மாணவரைப் பள்ளித் திடலிலேயே நிறுத்தி, குண்டுகரிச்சானை முதலில் காட்டுங்கள். அதனை நன்கு அறிந்தவரே சோலைபாடியைப் பிரித்தறிவார். நாள், நேரம், இடம், கண்டதா கேட்டதா, என்ன செய்துகொண்டிருந்தது என ஐந்து குறிப்புகளைத் தமிழில் எழுதப் பழக்குங்கள். அது கட்டுரைப் பயிற்சியும் ஆகும். அறிவியல் பதிவும் ஆகும். 1940இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகம் போன்ற அமைப்புகள் இத்தகைய பொதுமக்கள் பதிவுகளை மதிக்கின்றன. க. ரத்னம் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' போன்ற நூல் பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். அதோடு நில்லாமல், மலேசியப் பறவைகளுக்கு நம் தோட்டத்து முதியோர் வழங்கிய தமிழ்ப் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களோடு அப்பெயர்களும் போய்விடும் முன் செய்ய வேண்டிய பணி அது.

மாணவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். காட்டில் சோலைபாடியைக் கேட்டால் மகிழுங்கள். ஆனால் அது பாடும் இடத்தைத் துல்லியமாகச் சமூக ஊடகத்தில் வெளியிடாதீர்கள். உங்கள் மகிழ்ச்சி வேடனுக்கு வழிகாட்டி ஆகிவிடும். பறவைப் பதிவுத் தளங்களே வேட்டைக்கு உள்ளாகும் இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைக்கின்றன. பறவையை அருகில் வரவழைக்கக் கைப்பேசியில் அதன் ஒலியை இசைக்காதீர்கள். அது வேடன் செய்யும் செயலே. அந்தப் பறவை தன் குஞ்சை விட்டுவிட்டு இல்லாத பகைவனோடு போரிட வருகிறது. காட்டில் வலையையோ பசை தடவிய குச்சியையோ கண்டால் நீங்களே அகற்ற முனையாதீர்கள். பெரியவரிடம் சொல்லித் துறைக்குத் தெரிவியுங்கள்.

நிறைவாக, பெயருக்கே திரும்பி வருகிறேன். 'சோலைபாடி' என்னும் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. சோலை என்பது இடம். பாடி என்பது பாடுவது. தமிழ்நாட்டு மலைக்காட்டைக் குறிக்க ஆங்கிலேயரே 'ஷோலா' என்று நம் சொல்லை எடுத்துக்கொண்டனர். அத்துணை ஆழமான சொல் அது. சந்தை இப்பெயரைப் பிரித்துவிடுகிறது. பாட்டை விலைக்கு வாங்குகிறது, சோலையை விட்டுவிடுகிறது. நாம் செய்ய வேண்டியது பெயரை முழுமையாகச் சொல்வது. சொன்ன பெயருக்கு உரிய பொருளைக் காப்பது. கருப்பொருளை நிலத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று நம் இலக்கணம் கற்பித்த பாடமும் இதுவே.

இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவர் ஒருவர், என்றேனும் ஒரு விடியலில், புக்கிட் காசிங் போன்ற ஒரு காட்டோரத்தில் நின்று, பறவையைக் காணாமலே 'இது சோலைபாடி' என்று சொல்லட்டும். அவர் சொல்வதைக் கேட்கப் பக்கத்தில் ஒரு நண்பர் இருக்கட்டும். பாட அந்தப் பறவையும் இருக்கட்டும். இம்மூன்றும் அமைந்தால் இன்றைய உரை பயன் பெற்றதாகக் கொள்வேன்.